கிளிங்கான்களும் க்ரோனோஸ் கிரகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதை வரிசையில், அதன் தொடர்களிலும் படங்களிலும், எத்தனையோ வேற்றுக்கிரக இனங்கள் உண்டு. ஆனால் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது கிளிங்கான்களைப் பற்றித்தான். பல வருடங்களாக இந்தத் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். நண்பர்கள் என்னிடம் கேட்டவையும், பார்க்கும்போது எனக்கே எழுந்தவையுமான கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கதைகளின் முடிவும் இதில் வரும். இன்னும் பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிளிங்கான்கள் யார்? ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

க்ரோனோஸ் என்ற கிரகத்தைத் தாயகமாகக் கொண்ட போர்க்குடி இனம். நெற்றியில் எலும்பு வரிவரியாகப் புடைத்திருக்கும். நீண்ட முடி, தோலும் உலோகமும் கலந்த கவச உடை, கட்டைக்குரல். பெரிய குடும்பங்கள் சேர்ந்து ஆளும் பேரரசு அது. தலைமையில் ஒரு சான்சலர், அவருக்குக் கீழே உயர் மன்றம். மனிதர்கள் உறுப்பினராக உள்ள கூட்டமைப்புக்கு முதலில் பகையாக இருந்து, பிறகு நட்பாகி, இடையில் மறுபடி முறைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே பக்கம் நின்று போரிட்டவர்கள்.

இவர்களை உருவாக்கியது யார்?

திரைக்கதை எழுத்தாளர் ஜீன் கூன். 1967 மார்ச் 23 அன்று ஒளிபரப்பான ‘எர்ரண்ட் ஆஃப் மெர்சி’ என்ற அத்தியாயத்தில்தான் அவர்கள் முதன்முதலாக வந்தார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரில் நின்ற காலம் அது. கிளிங்கான்கள் சோவியத்துக்கு உருவகம் என்பது அன்றைய பார்வையாளர்களுக்கு யாரும் சொல்லாமலே புரிந்திருக்கும்.

அந்த முதல் கதையே எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆர்கேனியா என்ற சின்னக் கிரகம். ஆடு மேய்க்கிற சாதுவான மக்கள்போல் தெரிகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை யார் கையில் வைத்துக்கொள்வது என்று கூட்டமைப்பின் கேப்டன் கிர்க்கும் கிளிங்கான் தளபதி கோரும் மோதுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மக்கள் வெறும் ஆற்றலால் ஆனவர்கள்; இவர்களைவிட எவ்வளவோ முன்னேறியவர்கள். இரண்டு பக்கத்து ஆயுதங்களையும் தொட முடியாதபடி கொதிக்க வைத்துப் போரை நிறுத்திவிடுகிறார்கள். போர் செய்ய எங்களுக்கு உரிமை உண்டு என்று கத்திவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து கூனிக்குறுகுபவர் கிர்க். போர் நடந்திருந்தால் எவ்வளவு அருமையாக இருந்திருக்கும் என்று ஏங்குபவர் கோர். பிற்காலக் கிளிங்கான்களின் விதை முழுவதும் அந்த ஏக்கத்தில் இருக்கிறது.

கோராக நடித்தவர் ஜான் கோலிகோஸ். செங்கிஸ்கான் சாயலில் ஒப்பனை செய்யலாம் என்பது அவர் சொன்ன யோசனை. 27 வருடம் கழித்து, 1994-இல், அதே கோராக வயதான தோற்றத்தில் அவர் திரும்பி வந்தார். பழைய தொடரில் காங், கோலோத் என்ற கிளிங்கான்களாக நடித்த மைக்கேல் அன்சாராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் கூடவே வந்தார்கள். தங்கள் தலைப்பிள்ளைகளைக் கொன்றவனைத் தேடிப் போகும் மூன்று கிழவர்களின் கதை அது.

க்ரோனோஸ் எப்படிப்பட்ட கிரகம்?

மனிதர்கள் சுவாசிக்கக்கூடிய காற்று உள்ள கிரகம்தான். ஆனால் இதமான இடமல்ல. திரையில் நாம் பெரும்பாலும் பார்ப்பது இரவு, புகை, தீப்பந்தம், கனத்த கல் கட்டடங்கள். தலைநகரின் பெயர் முதல் நகரம். உயர் மன்றம் கூடும் பேரவை மண்டபம் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து ஒரு கற்றையாக விழ, சுற்றிலும் இருட்டில் மன்ற உறுப்பினர்கள் நிற்பார்கள். 

எரிமலைகள் இந்தக் கிரகத்தின் கதைகளில் அடிக்கடி வரும். க்ரிஸ்டாக் என்ற எரிமலையில்தான் கிளிங்கான்களின் முதல் பேரரசர் காலெஸ் தன் முதல் வாளை வார்த்ததாகப் புராணம். நிலத்தடி எரிமலைக் குகைகளில் குண்டு வைத்துக் கிரகத்தையே வாழ முடியாததாக்கிவிடலாம் என்று 2257-இல் கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட் ஒரு திட்டம் போட்டு, கடைசி நேரத்தில் கைவிட்டது.

கேத்தா என்ற தாழ்நிலப் பகுதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழைகளின் ஊர். மார்ட்டோக் என்ற மாபெரும் தளபதி பிறந்த மண். அவரைப் பற்றிக் கீழே வருகிறது.

பெயர் விஷயத்திலும் ஒரு தகவல். 1988-இல் ஒரு அத்தியாயத்தில் தாயகத்தின் பெயர் ‘கிளிங்’ என்றே வரும். க்ரோனோஸ் என்ற பெயர் வந்தது 1991-இல் வெளியான ஆறாவது திரைப்படத்தில்.

ப்ராக்ஸிஸ் வெடித்தது என்கிறார்களே, அது என்ன?

ப்ராக்ஸிஸ், க்ரோனோஸின் நிலா. பேரரசுக்கான ஆற்றலில் பெரும்பகுதியை உற்பத்தி செய்த இடம். அளவுக்கு மீறிய சுரங்கத் தோண்டல், போதாத பாதுகாப்பு. கதைப்படி 2293-இல் அந்த நிலா வெடித்துப் பாதி காணாமல் போகிறது. வெடிப்பின் அலை விண்வெளியில் வளையமாக விரிந்து வந்து, வெகுதூரத்தில் போய்க்கொண்டிருந்த கேப்டன் சுலுவின் கப்பலைப் புரட்டிப் போடுகிறது. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை முதலில் அதிரும், தரையில் விழுந்து உடையும், அப்புறம்தான் அலை வந்து மோதும். அந்தக் கோப்பையை நான் எத்தனை முறை பார்த்தாலும் வயிற்றில் ஏதோ செய்யும்.

க்ரோனோஸின் ஓசோன் நஞ்சாகிறது. சுமார் 50 ஆண்டுகளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்கிறார் கிர்க்கின் சக அதிகாரி ஸ்பாக். இதில் முக்கியமான விஷயம் அடுத்து வருகிறது. அதைச் சமாளிக்கப் பேரரசிடம் வசதி இல்லை. எல்லாப் பணமும் படைக்குப் போய்விட்டது. எதிரிகளிடமிருந்து கிரகத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை கப்பல்களும். கடைசியில் அந்தக் கப்பல்களால்தான் கிரகத்தைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரலில். இந்தக் கதை வரும் ஆறாவது படம் வெளியானது 1991 டிசம்பர் 6. அதே மாதக் கடைசியில் சோவியத் யூனியனே கலைந்துபோனது. பெர்லின் சுவர் விழுந்ததை விண்வெளியில் நடத்திக் காட்டினால் எப்படி இருக்கும் என்பதுதான் ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் கொடுத்த கரு. நிக்கலஸ் மேயர் இயக்கினார். சமாதானம் பேச வரும் சான்சலர் கோர்க்கானைக் கொல்வதற்கு இரண்டு பக்கத்துப் போர் விரும்பிகளும் கைகோப்பார்கள். பகைவர்கள் ஒன்றுசேர முடியாது என்று நினைத்தவர்கள், பகையைக் காப்பாற்ற ஒன்றுசேர்கிறார்கள். கோர்க்கானின் மகள் அசெட்பூர் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து அந்தச் சமாதானத்தை முடித்து வைக்கிறாள். கிட்டோமர் என்ற இடத்தில் மாநாடு நடக்கிறது.

க்ரோனோஸ் பிழைத்துக்கொண்டது. 2360-களில் நடக்கும் கதைகளில் மன்றம் அதே கிரகத்தில்தான் கூடுகிறது.

பழைய தொடரில் அவர்களுக்கு நெற்றி மேடு இல்லையே, ஏன்?

உண்மைக் காரணம் எளிது. 1960-களில் தொலைக்காட்சி ஒப்பனைக்குப் பணம் போதவில்லை. 1979-இல் முதல் திரைப்படம் எடுத்தபோது பணம் இருந்தது, நெற்றியும் வந்தது.

கதைக்குள் காரணம் கேட்டால், 1996-இல் ஒரு அத்தியாயத்தில் பழைய மழமழ நெற்றிக் கிளிங்கான்களை நேரில் பார்க்கும்போது ஸ்டார்ஃப்ளீட்டில் பணிபுரியும் கிளிங்கானான வோர்ஃபைச் சக அதிகாரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியாரிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று அவர் முடித்துவிடுவார். 2005-இல்தான் விளக்கம் வந்தது. மரபணு மாற்றப்பட்ட மனிதர்களின் மரபணுவை வைத்துத் தங்கள் வீரர்களை மேலும் வலுவாக்கப் பார்த்தார்கள். அது கொடிய தொற்றாக மாறிப் பரவியது. மருந்து கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் தொற்று கண்டவர்களின் நெற்றி மேடு போய்விட்டது. வோர்ஃப் ஏன் அதைப் பேச மறுத்தார் என்பது அதற்கப்புறம்தான் புரிகிறது. அது அவர்களுக்குத் தோல்வியின் தழும்பு.

2017-இல் வந்த தொடரில் தலைமுடியே இல்லாமல் வேறு தோற்றத்தில் வந்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 2023-இல் மறுபடி பழைய முகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

உடலளவில் மனிதர்களைவிட எவ்வளவு வலுவானவர்கள்?

மாற்று உறுப்புகளை இருப்பில் வைத்திருப்பதில்தான் அவர்கள் உடலின் பலம். இரண்டு கல்லீரல், எட்டு அறை கொண்ட இதயம், 23 விலா எலும்புகள் என்று 1992-இல் வந்த ஒரு அத்தியாயத்தில் மருத்துவர் கணக்குச் சொல்வார். ஒன்று போனால் இன்னொன்று வேலை செய்யும்.

அந்த அத்தியாயத்தின் கதை வேறு. மேலிருந்து விழுந்த ஒரு சரக்குப் பெட்டி வோர்ஃபின் முதுகெலும்பை உடைத்துவிடுகிறது. நடக்க முடியாத கிளிங்கான் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. தன்னைக் கொன்றுகொள்ள உதவும்படி நண்பன் ரைக்கரைக் கேட்கிறார். ரைக்கர் மரபைப் புரட்டிப் பார்த்து, அந்த உதவியைச் செய்ய வேண்டியவன் மகன் என்று கண்டுபிடிக்கிறார். அவருடைய மகன் அலெக்சாண்டரோ சிறுவன். கடைசியில் வோர்ஃப் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறார். எவ்வளவு பெரிய வீரனுக்கும் வாழ்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது என்பதை இதைவிட நேராக நான் எங்கும் பார்த்ததில்லை.

எல்லாக் கிளிங்கான்களும் போர்வீரர்கள்தானா? சோறு சமைப்பவர், பாடம் நடத்துபவர் யாரும் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். 2003-இல் வந்த ‘ஜட்ஜ்மென்ட்’ அத்தியாயத்தைப் பாருங்கள். மனிதரான கேப்டன் ஆர்ச்சர் கிளிங்கான் நீதிமன்றத்தில் நிற்கிறார். அவருக்கு வாதாடும் கோலோஸ் ஒரு வயதான வழக்கறிஞர். எல்லோரும் போர்வீரர்கள் என்று நினைத்தாயா என்று அவரே ஆர்ச்சரைக் கேட்கிறார். அவருடைய அப்பா ஆசிரியர், அம்மா பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறிஞர். அவர் இளைஞனாக இருந்தபோது நீதிமன்றம் நீதிமன்றமாக இருந்தது. அப்புறம் போர்க்குடியினர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் எல்லோருக்கும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அந்தக் கதை நடப்பது 22-ஆம் நூற்றாண்டில். அதாவது நாம் பார்க்கும் கிளிங்கான் சமூகம் ஆதியிலிருந்து அப்படி இருந்ததல்ல, ஆக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், பிறப்பு. மேலே சொன்ன மார்ட்டோக் கேத்தா தாழ்நிலத்தில் பிறந்த சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தபோது, உயர்குடி ரத்தம் இல்லை என்று ஒருவர் நிராகரித்துவிட்டார். கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் ரோமுலன் என்ற எதிரி இனத்தின் தாக்குதலில் துணிந்து நின்றதால்தான் அங்கேயே அதிகாரியாக்கப்பட்டார். விண்ணப்பத்தைத் தள்ளியவர் யார் தெரியுமா? 1967-இல் நாம் முதலில் சந்தித்த அதே கோர். வீரர்களுக்கெல்லாம் வீரர். அவர்தான் பிறப்பைப் பார்த்தார். 1998-இல் இதை எழுதியவர்கள் ஒரு பழைய நாயகனின் புகழைக் கழற்றிப் பார்க்கத் தயங்கவில்லை. மார்ட்டோக் அவரை மன்னிக்கவும் இல்லை.

(கோலோஸாகவும் மார்ட்டோக்காகவும் நடித்தவர் ஒருவரே: ஜே. ஜி. ஹெர்ட்ஸ்லர். கண்ணைப் பார்த்தால் தெரியும்.)

காலெஸ் யார்?

முதல் பேரரசர். கதைக்காலத்துக்குச் சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்னால், மோலோர் என்ற கொடுங்கோலனை வென்று கிளிங்கான்களை ஒன்றாக்கியவர். மானத்தை வாழ்க்கை நெறியாக்கியவர். தன் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி எரிமலைக் குழம்பில் நனைத்து, ஏரித் தண்ணீரில் ஆற வைத்து, அதை முறுக்கி வாளாக்கினார் என்பது கதை. சொன்ன சொல் தவறிய உடன்பிறப்பு மோராத்துடன் 12 பகலும் 12 இரவும் சண்டையிட்டார் என்பது இன்னொரு கதை. போகும்போது வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அங்கே என்னைத் தேடுங்கள், திரும்பி வருவேன் என்றாராம். அங்கே போரெத் என்ற கிரகத்தில் மடம் கட்டி இன்றும் காத்திருக்கிறார்கள்.

1993-இல் அவர் நிஜமாகவே வருகிறார். மடத்தில் தியானத்தில் இருக்கும் வோர்ஃபின் முன்னால் வந்து நிற்கிறார். பிறகு தெரிகிறது, பழைய கத்தி ஒன்றில் இருந்த ரத்தத்திலிருந்து பூசாரிகள் வளர்த்த நகல் அது. அந்தப் பொய்யை என்ன செய்வது? வோர்ஃப் கண்ட வழி இது: அதிகாரம் சான்சலரிடமே இருக்கட்டும், இவர் பெயரளவில் பேரரசராக இருந்து மக்களுக்கு நல்வழி சொல்லட்டும். நம்பிக்கை போய்விட்ட ஒருவன் மற்றவர்களின் நம்பிக்கையைக் கையில் எடுத்துப் பத்திரமாக வைக்கிற இடம் அது.

அவர்களுக்குக் கடவுள் உண்டா? இறந்தபின் என்ன?

இருந்தார்கள். கொன்றுவிட்டார்கள்.

திருமணச் சடங்கில் சொல்லப்படும் கதை அது. தெய்வங்கள் நெருப்பும் உருக்கும் கொண்டு முதல் கிளிங்கான் இதயத்தை வார்த்தார்கள். அது அண்டம் அதிரத் துடித்தது. ஆனால் தனியாக இருந்ததால் ஒருநாள் தளர்ந்துபோனது. சரி என்று இரண்டாவது இதயத்தை வார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து துடித்தபோது எதிர்த்து நிற்க யாராலும் முடியவில்லை, படைத்தவர்களையே அழித்தன. மணமக்கள் இருவரும் அந்த இரண்டு இதயங்கள். காதலை இவ்வளவு உக்கிரமாகச் சொன்ன ஒரு படைப்புக் கதையை வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

சாவு விஷயத்தில், போரில் இறந்தவர் போகுமிடம் ஸ்டோவோகோர். மானம் இழந்தவர் போவது க்ரெதோர். அதற்கு ஒரு பிணப்படகு கொண்டுபோகும். ஒரு வீரன் இறக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அவன் கண் இமைகளை விரல்களால் திறந்து பிடித்து, உள்ளே உற்றுப் பார்ப்பார்கள். பிறகு தலையை மேலே தூக்கி அண்ணாந்து அலறுவார்கள். அழுகையில்லை அது, ஒரு கிளிங்கான் வருகிறான், எச்சரிக்கை என்று செத்தவர்களின் உலகத்துக்குச் சொல்லி அனுப்புவது. அவ்வளவுதான், அதற்கப்புறம் உடலுக்கு எந்த மரியாதையும் இல்லை. வெறும் கூடு. எப்படி வேண்டுமானாலும் அப்புறப்படுத்தலாம்.

அந்தப் பிறை வாளின் பெயர் என்ன?

பாட்லெத். இரண்டு கைகளாலும் பிடிக்கும், இரு முனையும் வளைந்த வாள். வடிவமைத்தவர் டான் கர்ரி. அவருக்குத் தற்காப்புக் கலைகளில் நல்ல பழக்கம் இருந்ததால் அது கையில் சுழலுவதற்கு ஏற்றபடி அமைந்தது. 1990-இல் முதன்முறையாகத் திரையில் வந்தது.

என்ன சாப்பிடுவார்கள்?

காக் என்ற புழு, உயிரோடு நெளிய நெளிய. டார்க் என்ற பன்றி போன்ற விலங்கின் இதயம். ரத்த ஒயின். ரக்டாஜினோ என்ற கடுங்காபி, அது கூட்டமைப்பு முழுக்கப் பிரபலம். வோர்ஃபுக்கு மட்டும் பூமியின் உலர்பிளம்ஸ் சாறு. கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கய்னான் கொடுத்த கோப்பையை ஒரு வாய் குடித்துவிட்டு, வீரனுக்கேற்ற பானம் என்று முழு மனதோடு ஏற்றுக்கொள்வார்.

பெண்களுக்கு என்ன இடம்?

ஒரே சீராக இல்லை. அசெட்பூர் 2293-இல் சான்சலராக இருந்தாள். ஆனால் 1991-இல் வந்த கதையில், அதாவது 2360-களில், பெண்கள் உயர் மன்றத்தில் உட்கார முடியாது என்கிறார்கள். எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, ஒரு சமூகம் பின்னோக்கியும் போகும் என்பதால் அது நம்பும்படியாகவே இருக்கிறது. போர்க்களத்தில் பெண்கள் எப்போதும் உண்டு. காம்ச்சி என்ற நகரில் படையெல்லாம் ஓடிவிட, 500 பேருக்கு எதிராக நின்ற இருவரில் ஒருவர் காலெஸ், இன்னொருவர் லூகாரா. அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவர்கள் காதல் தொடங்கியதாம்.

கிளிங்கான் மொழி உண்மையான மொழியா? நாம் கற்க முடியுமா?

உண்மையான இலக்கணமும் சொற்களும் உள்ள மொழி. 1979 படத்தில் வந்த சில சொற்களை உருவாக்கியவர் நடிகர் ஜேம்ஸ் டூஹன். அவற்றை விதையாக வைத்து, 1984-இல் வந்த மூன்றாவது படத்துக்காக முழு மொழியையும் கட்டியவர் மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட். கலிஃபோர்னியாவின் மூத்சுன் என்ற பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். அகராதி 1985-இல் வந்தது. 1992-இல் அமெரிக்காவில் கிளிங்கான் மொழிக் கழகம் தொடங்கினார்கள். ஹாம்லெட் நாடகம் அந்த மொழியில் வந்திருக்கிறது. 2010-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ‘உ’ என்ற முழு இசை நாடகம் அரங்கேறியது. 2018 முதல் டுவோலிங்கோ செயலியில் பாடமும் இருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் சில இடங்கள் லேசு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாக்கை மடிக்கத் திணறும் ஒரு ஒலி, நம் ‘படம்’ என்ற சொல்லில் வரும் ட. இன்னொன்று அதே இடத்தில் நாக்கை வைத்துச் சொல்லும் ஷ. இரண்டும் நமக்கு யோசிக்காமல் வரும். நம்மைப் போலவே சொல்லோடு விகுதியை ஒட்டிக்கொண்டே போவார்கள். பெயர்ச்சொல்லுக்கு ஐந்து வகை, வினைக்கு ஒன்பது வகை ஒட்டு. இன்னும் ஒன்று: ஆங்கிலத்தில் நான் யார் என்று சொல்லும்போது நடுவில் ஒரு வினை வந்தே ஆக வேண்டும். கிளிங்கானில் ‘த்லிங்கான் ஜிஹ்’. கிளிங்கான் நான். தமிழில் சொல்வது போலவேதான்.

கஷ்டம் எங்கே என்றால், சொல் வரிசை. ‘புக் லெக் யாஷ்’ என்றால் குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி. செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். தமிழில் ‘ஐ’ உருபு இருப்பதால் எப்படி மாற்றிப் போட்டாலும் அர்த்தம் கெடாது. அங்கே இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் குழந்தைதான் அதிகாரியைப் பார்க்கும். தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வரும் ஒலிக்கும், நாக்கின் பக்கவாட்டில் காற்றை விடும் ‘த்ல்’ ஒலிக்கும் தனியாகப் பழக வேண்டும்.

வணக்கம் என்பதற்குச் சொல் கிடையாது. ஒருவரைப் பார்த்தால் கேட்பது ‘நுக்நெஹ்’: உனக்கு என்ன வேண்டும்? விடைபெறும்போது ‘கப்லா’, வெற்றி.

மானம் மானம் என்கிறார்கள், ஆனால் ஏமாற்றுகிறார்களே? இது எழுத்தாளர்களின் தவறா?

தவறே இல்லை. கிளிங்கான்களை எழுதிய நல்ல கதைகள் எல்லாமே இந்த இடைவெளியைத்தான் எழுதின. அதில் முக்கியமானவர் ரொனால்ட் மூர். சாமுராய்களும் வைக்கிங்குகளும் கலந்தவர்களாக அவர்களைப் பார்த்தவர்.

வோர்ஃபின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2346-இல் கிட்டோமர் குடியிருப்பை ரோமுலன்கள் அழிக்கிறார்கள். நாலாயிரம் பேர் சாகிறார்கள். தப்பிய சிறுவன் வோர்ஃபைப் பூமியைச் சேர்ந்த ரோஷென்கோ தம்பதி வளர்க்கிறார்கள். அவன் தன் இனத்தைக் கற்றது கதைகளிலிருந்து, பாடல்களிலிருந்து. மானம் என்றால் என்னவென்று படித்தானோ அதையே அப்படியே நம்பினான். க்ரோனோஸில் வளர்ந்தவர்களுக்கோ அரசியல் தெரியும். அதனால்தான் மன்றத்தில் இருந்த எல்லோரையும்விட அவன் கிளிங்கானாக இருந்தான்.

1999-இல் சக அதிகாரி எஸ்ரி டாக்ஸ் அவரிடம் இதை முகத்துக்கு நேரே கேட்கிறாள். நான் பார்த்ததிலேயே மானமுள்ள கிளிங்கான் நீங்கள், நீங்களே ஊழல் தலைவர்களைப் பொறுத்துக்கொண்டால் இந்தப் பேரரசு பிழைக்க என்ன வழி என்று. போரில் தன் புகழுக்காக வீரர்களைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்த சான்சலர் கௌரானை அதற்கப்புறம் வோர்ஃப் எதிர்த்து நின்று கொல்கிறார். மரபுப்படி அவர்தான் சான்சலராக வேண்டும். ஆனால் சான்சலரின் மேலங்கியை எடுத்துப் பக்கத்தில் நின்ற மார்ட்டோக்கின் தோளில் போடுகிறார். எடுபிடியாக இருந்த கேத்தாக்காரன் பேரரசின் தலைவனாகிறான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1995-இல் வோர்ஃபும் கோரும் காலெஸின் தொலைந்துபோன வாளைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இனத்தையே ஒன்றாக்கும் என்று நம்பிய வாள் கைக்கு வந்ததும், யார் வைத்துக்கொள்வது என்று ஒருவரையொருவர் கொல்லத் துணிவார்கள். கடைசியில் அதை ஆளில்லாத விண்வெளியில் விட்டுவிட்டுத் திரும்புவார்கள். வோர்ஃபும் அதில் தப்பவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பழைய தொடரின் அந்த முதல் அத்தியாயம், அப்புறம் ஆறாவது படம். அதற்கப்புறம் நேராக 1990-இல் வந்த ‘சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்’. கதையின் பின்னணி மட்டும் சொல்கிறேன். கிட்டோமரைக் காட்டிக்கொடுத்தவன் வோர்ஃபின் அப்பா மோக் என்று மன்றம் தீர்ப்புச் சொல்கிறது. உண்மையில் காட்டிக்கொடுத்தவன் செல்வாக்கு மிக்க டூராஸின் அப்பா. மன்றத்துக்கும் அது தெரியும். உண்மை வெளியே வந்தால் உள்நாட்டுப் போர் வரும். அதனால் வோர்ஃப் பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறார்.

தண்டனை என்ன தெரியுமா? அடியும் இல்லை, சிறையும் இல்லை. மன்றத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்து அவருக்கு முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். நம் மொழியில் புறமுதுகு காட்டுபவனுக்குத்தான் இழுக்கு. அங்கே யாருக்கு முதுகு காட்டப்படுகிறதோ அவனுக்கு. ஒருவர், அடுத்தவர், அடுத்தவர் என்று வட்டம் முழுவதும் திரும்புகிறது. வோர்ஃபின் தம்பி கர்ன் அந்த வட்டத்தில்தான் நிற்கிறான். அவன் யாரென்று அங்கே பலருக்குத் தெரியாது, தெரிந்துவிடவும் கூடாது. திரும்பிக்கொள்ளச் சொன்னதே வோர்ஃப்தான். எல்லோரும் திரும்பிய பிறகும் அவன் மட்டும் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு அவனும் திரும்புவான்.

அங்கே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அப்புறம் தொடருங்கள்.